அவிழ்க்காத கட்டு

உடைமரத்துப்பட்டிக்கு அந்தப் பத்துப் பிள்ளைகளும் பஸ் ஏறி வரவில்லை, காட்டுப் பாதையில் நடந்தும் வரவில்லை, ஒரு தப்புக் கணக்கு வழியாக வந்து சேர்ந்தார்கள். பசியோடு வந்தார்கள், ஊர் சோறு போட்டது, வீடு கொடுத்தது, பேர் வைத்தது, மொட்டையடித்துக் காது குத்தியது. பயம் அதற்கெல்லாம் அப்புறம்தான் வந்தது. வந்த பயம் போகவே இல்லை.

அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் சுடர்க்கொடி டீச்சருக்கு ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளும் ஒரே கூடத்தில். மொத்தம் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று அவள் பெற்ற மகள் முத்தரசி. தலைமையாசிரியர் என்று ஒருவர் உண்டு. அவரைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அவரும் மனம் கோணாமல் போய்க்கொண்டே இருப்பார். ஆகவே பாடமும் டீச்சர்தான், மணியடிப்பதும் டீச்சர்தான், கைபேசியில் வருகையை ஏற்றுவதும் டீச்சர்தான். இத்தனைக்கும் நடுவில் அவளாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சத்துணவுக் கூடத்தில் மாடத்தி உலை வைப்பதற்கு முன்னால் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பாள் அல்லவா, அதையே டீச்சர் அன்றைய கழித்தல் கணக்காகப் பலகையில் எழுதிவிடுவாள். ஒரு பிள்ளை எழுந்து வந்து போடும், டீச்சர் டிக் அடிப்பாள், அந்தப் பிள்ளையே விடையைச் சொல்லச் சமையற்கட்டுக்கு ஓடும், அந்த விடைக்கு மாடத்தி அரிசி போடுவாள்.

பக்கத்து ஊரில் அம்மன் கொடைத் திருவிழா நடந்த நாளில் இருபத்தேழு பேர் வரவில்லை. டீச்சர் ஐம்பத்திரண்டு எழுதி, அதன் கீழே இருபத்தேழு எழுதி, கோடு போட்டுவிட்டுக் கைபேசியோடு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். சிக்னல் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சிறுமி சாக்பீஸோடு பலகைமுன் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"டீச்சர், ரெண்டுல ஏழு போவாதே. அப்ப என்ன செய்ய?"

"பெரிசுல இருந்து சிறிசைக் கழி. ஒண்ணாங் கிளாஸ்லயே சொல்லித் தந்தாச்சுல்லா. ஏன் எதுக்குன்னு கேக்காத, போடு."

சிறுமி ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து எழுதினாள், ஐந்தில் இரண்டைக் கழித்து மூன்று எழுதினாள். முப்பத்தைந்து. டீச்சர் பாதி தலையைத் தூக்கிப் பார்த்து, வந்து பெரிதாக ஒரு டிக் அடித்துவிட்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.

பழியை மொத்தமாக அவள் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், சொல்லித் தந்தவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பயிற்சி என்று போனால் ஒரு கல்யாண மண்டபத்தில் இருநூறு ஆசிரியர்கள், மேடையில் ஒருவர் திரையில் படம் ஓட்டுவார், நடுவில் டீயும் வடையும், சாயங்காலம் கையெழுத்து. ஏன் என்று அங்கேயும் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வடை ஆறிப்போகும்.

மத்தியானம் மாடத்தி முப்பத்தைந்து தட்டு வைத்தாள், முப்பத்தைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் பத்துப் பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாம்பாரை இடக்கைப் பக்கம் ஊற்றினாலும் வலக்கைப் பக்கம் ஊற்றினாலும் சரி என்றிருந்தார்கள், முட்டை வேண்டுமா என்றால் தலையாட்டினார்கள், வேண்டாமா என்றாலும் தலையாட்டினார்கள். மாடத்தி கரண்டியோடு கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், பந்தியில புதுப் பிள்ளைக உக்காந்திருக்கு. ஆனா சோறு ரெம்பச் சரியா இருந்துச்சு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"சோறு சரியா இருந்தாச் சரிதான்," என்றாள் டீச்சர். பிறகுதான் பலகையைப் பார்த்தாள். வருகைப் பதிவில் இருபத்தைந்து பேர், பலகையில் முப்பத்தைந்து.

மணியடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, இந்தப் பத்தும் கேட்டருகே வரிசையாக நின்றன, கையை விடாமல். அம்மாமார்கள் வந்து பார்த்தார்கள். யாரும் அலறவில்லை, போலீசைக் கூப்பிடவும் இல்லை. மழை வந்தால் ஓலையைச் சரிசெய்வது போல ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். கைகளைப் பிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டீச்சரும் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அந்தக் கை சில்லென்று இருந்ததும், வழி முழுக்க அது ஒன்றுமே கேட்காமல் வந்ததும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கொஞ்ச நாள் அவர்களை 'வந்த பிள்ளைகள்' என்றார்கள். பிறகு கோயிலில் மொட்டை போட்டார்கள், பேர் வைத்தார்கள், அவரவர் வீட்டு மூத்த பிள்ளையின் பழைய உடுப்பை மாட்டிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்துக்கும் காய்ச்சல் வந்தது, வைத்தியம் பார்க்க அதுவும் ஒரு வகையில் சௌகரியமாகவே இருந்தது. ஐப்பசி மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, பொங்கல் வந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுக்கும்போது யாரோ விளையாட்டாக, "வந்த பிள்ளைகளுக்குத் தனியா ஒரு பரிசு குடுங்கப்பா" என்று சத்தம் போட்டார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பார்த்த கண் பார்த்தபடி நின்றது. பத்துப் பேர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அறுபத்திரண்டு பிள்ளைகள் புழுதியில் நின்றார்கள். அறுபத்திரண்டு பேரில் ஒவ்வொருவரையும் பெற்ற வலி ஒரு தாய்க்கு நினைவிருந்தது. தொட்டில் கட்டிய உத்தரம் நினைவிருந்தது, மச்சம் இருக்கும் இடம் தெரிந்தது. வந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போன பெண்களிடம் கேட்டால், ஆமாம் கூட்டிப்போனேன் என்றார்கள், எந்தப் பிள்ளை என்றால் முகம் வெளுத்தது. கொடை நாளில் பலகையில் கணக்குப் போட்டது தன் மகள்தான் என்று தாய்மாரில் ஒருத்தியான சண்முகக்கனி சத்தியம் செய்தாள். இல்லை முத்தரசிதான் என்றாள் டீச்சர், அதே உறுதியோடு.

அன்று வீடு திரும்பியதும் டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தது அவளுக்கு நினைவிருந்தது. வீட்டில் ஏற்கெனவே முத்தரசி இருந்ததும் நினைவிருந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரே ஒரு சிறுமிதான் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். இரண்டு நினைவில் ஒன்று பொய். எது பொய் என்று யாரிடம் போய்க் கேட்பது? நடத்துனர் வேலைக்குப் போயிருந்த கணவனுக்கு ஃபோன் போட்டாள். "கிறுக்குப் பிடிச்சுருச்சா உனக்கு? நம்ம பிள்ளைதான், எனக்குச் சந்தேகமே கெடையாது" என்றான் அவன். ஊரில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அவள் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொழுகொம்புதான் இருந்தது. வந்த பிள்ளைகள் எதையும் கேட்டதில்லை, முத்தரசியோ கேட்டுக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடத்துக்குள் மற்ற பிள்ளைகளைப் போல டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். கேட்டைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்ததும் அம்மா என்று தொடங்கிவிடுவாள். அம்மா, ஆடு ஏன் முள்ளைத் தின்னுது? அம்மா, கரண்டு கம்பியில காக்காவுக்கு ஏன் ஷாக் அடிக்கல? வீடு வரைக்கும் வாய் ஓயாது. முன்பெல்லாம் அது டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது ஒவ்வொரு ஏனையும் அவள் மருந்து மாதிரி வாங்கி விழுங்கினாள், இது என் பிள்ளை, இது என் பிள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்ததும் மறுபடி சந்தேகம் வரும். நாள்பட்டால் வந்த பிள்ளையும் கேட்கப் பழகியிருக்கலாம் அல்லவா?

இதற்கிடையில் கடைக்காரர் சடையாண்டி ஒரு காரியம் செய்தார். மூட்டையில் ஐம்பத்திரண்டு தேங்காய் இருந்தது, இருபத்தேழு விற்றிருந்தது, மீதி எத்தனை என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே 'இருபத்தி' வரை வந்துவிட்டார். அந்நேரம் தெருவில் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடுகிற கால்களில் சில கால்களுக்குக் கீழே நிழல் இல்லாமல் போனது, புழுதியில் தடம் விழாமல் போனது. சடையாண்டி மிச்சத்தைச் சொல்லாமல் விழுங்கினார், நிழல்கள் திரும்பி வந்தன. யார் யாருடைய கால்கள் என்று புழுதியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றோடு அந்த ஊர் கழித்தலை விட்டது. சடையாண்டி மீதிச் சில்லறை கொடுக்கும்போது வாங்கின சாமானின் விலையில் தொடங்கி மேலே மேலே ஏறி எண்ணிக் கொடுத்தார். ஆட்டு மந்தையில் எத்தனை குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போதுகூடப் போய்விட்டார்கள் என்று சொல்லாமல், வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்றார்கள். அம்மாமார்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடம் வந்து, "கூட்டல் சொல்லிக் குடுங்க, பெருக்கல் சொல்லிக் குடுங்க, எது வேணா சொல்லிக் குடுங்க டீச்சர், கழித்தல் மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டார்கள். டீச்சர் சரி என்றாள். உள்ளுக்குள் அவளும்தான் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஆனால் மாவட்டக் கல்வி ஆபீஸ் சும்மா இருக்குமா? ஏதோ ஒரு தேர்வு வைத்துப் பார்த்ததில் அந்த ஒன்றியத்துப் பிள்ளைகளுக்குக் கழித்தல் அறவே வரவில்லை என்று தெரிந்தது. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் கணக்கு வாத்தியாரைப் பார்த்தாலே வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார்கள், சிலர் படிப்பையே நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். இனிமேல் கல்யாண மண்டபம் வேண்டாம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆசிரியரோடு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. இன்னாசிமுத்து என்ற ஆசிரியப் பயிற்றுநர், மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்குப்பை ஈர்க்குச்சியோடு கிளம்பினார்.

முதலில் நாலைந்து பள்ளி ஆசிரியர்களை ஒரு வகுப்பறையில் கூட்டித் தரையில் உட்கார வைத்தார். பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொன்னார். "முப்பத்தி ரெண்டுல இருந்து எட்டு குடுங்க" என்று கை நீட்டினார். சுடர்க்கொடியின் முன்னால் மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கிடந்தன. இரண்டில் எட்டு போகாது. அவள் விழித்தாள். "கட்டு ஒண்ணை அவிழுங்க டீச்சர்" என்றார் அவர் மெதுவாக. அவிழ்த்தாள். பத்துக் குச்சியும் கலகலவென்று உதிரியோடு சேர்ந்தன, பன்னிரண்டில் எட்டு போனது, நாலு நின்றது.

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த கணக்கு அவளுக்கு அன்றுதான் புரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்த அழுகை முடியும் முன்னே, ஒருவர் கையை ஒருவர் விடாமல் பந்தியில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் யார் என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. அன்று அவள் அவிழ்க்காமல் விட்ட கட்டு.

எல்லோரும் போன பிறகு அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இன்னாசிமுத்து ஆச்சரியப்படவில்லை.

"எல்லா ஊர்லயும் ஏதோ ஒண்ணு இருக்கு டீச்சர். கிழக்க ஒரு ஊர்ல அரையும் அரையும் கூட்டினா நாலுல ரெண்டுன்னு சொல்லிக் குடுத்திட்டாக. அங்க எம்புட்டுத் தின்னாலும் யாருக்கும் அரை வயித்துக்கு மேல நெறைய மாட்டேங்கு."

"சரியாச் சொல்லிக் குடுத்தா என் ஊருல பத்துப் பிள்ளைக போயிரும் சார்."

"சொல்லிக் குடுக்காட்டா அத்தனையும் போயிரும் டீச்சர். மெல்ல மெல்லப் போவும், அதான் கண்ணுக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் குச்சிகளைப் பொறுக்கினார். "நான் அந்தக் கணக்கைத் தொட மாட்டேன். வேற கணக்கு எடுப்போம். நீங்க டிக் போட்டுத்தான வந்தாக? நீங்க டிக் போடாம யாரும் போவ மாட்டாக."

அவர் உடைமரத்துப்பட்டிக்கு வந்த காலையில் ஊரே வேலைக்குப் போகாமல் பள்ளி ஜன்னல்களில் நின்றது. சண்முகக்கனி மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவள், எங்கே போனாலும் கணக்கு துரத்தும் என்று நினைத்தாளோ என்னவோ, கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கட்டு கட்டினார்கள், அவிழ்த்தார்கள், சிரித்தார்கள். நாற்பதில் ஆறு, முப்பத்தொன்றில் நாலு. ஒவ்வொரு விடைக்கும் டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிக் அடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல்களில் மூச்சு திரும்பியது. இன்னாசிமுத்து சாக்குப்பையை மடிக்கத் தொடங்கினார்.

அப்போது முத்தரசி எழுந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் கேட்டேன்ல, ரெண்டுல ஏழு போவாதேன்னு. இப்பத் தெரிஞ்சிருச்சு டீச்சர்!"

யாரும் தடுக்கும் முன்னே ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து நடுவில் வைத்தாள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவினாள். குச்சிகள் உதிர்ந்த சத்தத்தில் கூடத்தில் இருந்த பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள், அல்லது அறுபத்திரண்டு பேருமே தூக்கினார்களோ, டீச்சரால் பார்க்க முடியவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. நாலு கட்டில் இரண்டு போக இரண்டு. முத்தரசி பலகைக்கு ஓடி, எக்கி, இருபத்தைந்து என்று எழுதினாள். திரும்பி நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை டீச்சர் தன் பணிக்காலத்தில் எந்தப் பிள்ளையிடமும் கண்டதில்லை.

"சரியா டீச்சர்?"

சாக்பீஸை நீட்டினாள். டீச்சர் வாங்கினாள். சிறுமியின் விரல் பட்டது. சில்லென்று இருந்ததா, சாக்பீஸ் அப்படி இருந்ததா, தன் கைதான் அப்படி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் சில பிள்ளைகளின் நிழல் தரையில் மங்கிக்கொண்டு வந்தது. சண்முகக்கனி கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து, "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்றாள். கேட்கிற பிள்ளை, தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளை, இது எப்படி வந்த பிள்ளையாக இருக்கும் என்று டீச்சரின் மனசு ஒரு பக்கம் கத்தியது. இருந்துவிட்டால் என்று இன்னொரு பக்கம் கேட்டது. 

"தப்பு" என்றாள் சுடர்க்கொடி.

அவள் இருபத்தைந்தின் குறுக்கே பெருக்கல் குறி போட்டாள், கையால் அழித்தாள், முப்பத்தைந்து என்று எழுதி டிக் அடித்தாள். "பெரிசுல இருந்து சிறிசைக் கழிக்கணும். எல்லாரும் சொல்லுங்க." அறுபத்தொரு வாய்கள் சொல்லின. முத்தரசி கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளும் சொன்னாள்.

ஜன்னல்களில் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. நிழல்கள் எல்லாம் அழுத்தமாகத் தரையில் கிடந்தன. மாடத்தி அறுபத்திரண்டு தட்டு போட்டாள், அறுபத்திரண்டும் நிறைந்தது, அன்றைக்கு ஊர்க் காசில் எல்லோருக்கும் கேசரி. இன்னாசிமுத்து உதிர்ந்து கிடந்த பத்துக் குச்சியைத் தானே பொறுக்கிக் கட்டினார்.

"உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல டீச்சர்," என்றார். "என் பிள்ளையா இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேனோ என்னமோ." கேசரி சாப்பிடாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மணியடித்து, கேட்டைப் பூட்டி, டீச்சர் மகளோடு வீட்டுக்கு நடந்தாள். முத்தரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஆடு முள்ளைத் தின்றுகொண்டிருந்தது. கம்பியில் காக்கா உட்கார்ந்திருந்தது. சிறுமி ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு பொறுக்க முடியவில்லை.

"அங்க பாரேன், நிலா பகல்லயே வந்துருக்கு. ஏன்னு கேளேன்."

முத்தரசி நின்று நிலாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தலையாட்டினாள்.

"ஏதாவது கேளு தாயி. கோவிச்சுக்கிட மாட்டேன். அம்மா தெரியாமச் சொல்லிட்டேன். எதையாவது கேளு."

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்" என்றாள் சிறுமி.

கையை உருவப் பார்த்தாள் சுடர்க்கொடி. அந்தச் சின்னக் கை சில்லென்று இருந்தது, விடவே இல்லை.